வேறு நாட்டில் விபத்து, கார் முழுநட்டம்: காப்புறுதிக் காசில் மாற்றுக் கார் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஐரோப்பிய நாட்டில் பதிந்த காரோடு இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்குப் போன இடத்தில் விபத்து. கார் இனி ஓடாது. இந்த நிலையில் வருபவர்கள் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் ஐரோப்பிய ஒன்றிய விதிகளை ஒட்டியவை. சுவிசும் பிரித்தானியாவும் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. பொலிஸ் வரவே இல்லை. அந்த இடத்தில நான் என்ன எழுதி எடுக்கவேணும்?

காயம் இல்லை என்றால் பல நாடுகளில் பொலிஸ் வருவதில்லை. காயம் இருந்தால், மற்றவர் தகராறு செய்தால், அல்லது அவரிடம் காப்புறுதி ஆவணம் இல்லை என்றால் 112-ஐ அழையுங்கள். பொலிஸ் வந்தால் அவர்கள் பதிந்த முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கையைப் பிறகு எடுக்க அந்த இலக்கம் போதும்.

பொலிஸ் வராத இடத்தில் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம்தான் உங்கள் சாட்சி. எந்த மொழியில் அச்சிட்டிருந்தாலும் கட்டங்களின் வரிசையும் இலக்கமும் ஒன்றுதான். உங்கள் மொழிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் படிவத்தை நிரப்பலாம். 12-ஆம் கட்டத்தில் 17 சூழ்நிலைகள் இருக்கும். உங்களுக்குப் பொருந்துவதற்கு மட்டும் புள்ளடி போட்டு, எத்தனை புள்ளடி என்று அடியில் எண்ணி எழுதவேண்டும். அந்த எண்ணிக்கையை எழுதாமல் விட்டால், பிறகு யாராவது இன்னொரு புள்ளடியைச் சேர்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மற்றவர் சொல்வதை ஏற்கவில்லை என்றால் 14-ஆம் கட்டத்தில், உங்களுக்குத் தெரிந்த மொழியில், அதை எழுதுங்கள். இருவரும் கையெழுத்து வைத்த பிறகு முன்பக்கத்தில் ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது. குறிப்பாகப் பிரான்சில் பிழை யாருடையது என்பதைக் காப்புறுதிகள் பெரும்பாலும் இந்த ஒரு தாளை வைத்தே தீர்மானிக்கின்றன.

படங்கள்: கார்களை நகர்த்துவதற்கு முன் இரண்டும் நிற்கும் நிலை, தெருக் கோடுகள், இரு இலக்கத்தகடுகள், மற்றவரின் காப்புறுதி அட்டை. கடைசியாக உங்கள் காரின் கிலோமீட்டர் காட்டி. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது ஏன் வேண்டும் என்று 7-ஆம் கேள்வியில் வரும். இடித்தது லொறி என்றால் இழுக்கும் வண்டியின் தகடு, பின்னால் உள்ள பெட்டியின் தகடு இரண்டையும் எடுங்கள். இரண்டும் வெவ்வேறு நாட்டில் பதிந்ததாக இருக்கலாம்.

2. எனக்குப் பிழையே இல்லை. பிறகேன் என்ர காப்புறுதிக்குச் சொல்லவேணும்?

சொல்லவேண்டும் என்பது உங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஜேர்மன் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு வாரம், பிரான்சில் ஐந்து வேலைநாட்கள். அறிவித்தால் தவணைக் கட்டணம் கூடிவிடும் என்ற பயம் தேவையில்லை. நடந்ததைச் சொல்வது வேறு, காசு கேட்பது வேறு. காசு வெளியே போனால்தான் உங்கள் தரவகுப்பு (விபத்தில்லாமல் ஓடிய வருடங்களுக்காகத் தவணையைக் குறைக்கும் படி) இறங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மற்றவர் தன் கதையை உங்கள் காப்புறுதிக்கு அனுப்பி நட்டஈடு கேட்கக்கூடும். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தின் தாள் அங்கே முதலே இருக்கவேண்டும்.

3. மற்றக் காரின்ர நம்பர் மட்டும்தான் கையில இருக்கு. எந்தக் காப்புறுதி எண்டு எப்பிடித் தெரியும்?

தகட்டு இலக்கம், நாடு, விபத்துத் திகதி மூன்றும் போதும். ஒவ்வொரு ஒன்றிய நாட்டிலும் இதற்கென ஒரு தகவல் மையம் இருக்கிறது: ஜேர்மனியில் ட்சென்ட்ரால்ரூஃப், பிரான்சில் அஜிரா. நீங்கள் வசிக்கும் நாட்டின் மையத்திடமே கேட்கலாம், அவர்கள் மற்ற நாட்டோடு தொடர்புகொள்வார்கள். விபத்து நடந்து ஏழு வருடம் வரை கேட்கும் உரிமை உண்டு. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்பதைக் கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

4. அந்த நாட்டுக் காப்புறுதியோட அவங்கட மொழியிலயா கதைக்கவேணும்?

இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒன்றியத்தின் நான்காவது வாகனக் காப்புறுதி நெறிமுறையில் வந்து இன்றும் தொடரும் விதியின்படி, ஒவ்வொரு வாகனக் காப்புறுதி நிறுவனமும் மற்ற எல்லா ஒன்றிய நாடுகளிலும் ஒரு பிரதிநிதியை வைத்திருக்கவேண்டும். அவர் நீங்கள் வசிக்கும் நாட்டின் மொழியில் உங்கள் கோரிக்கையைக் கையாளவேண்டும். யார் அந்தப் பிரதிநிதி என்பதையும் 3-இல் சொன்ன தகவல் மையமே சொல்லும்.

பிரதிநிதி பெரும்பாலும் தபால்காரர்தான். முடிவு அங்கே, இடித்தவரின் நாட்டில் எடுக்கப்படும். ஆகவே தொலைபேசியில் சொன்னது சொன்னதாகாது. விபத்து அறிக்கை, படங்கள், மதிப்பீட்டு அறிக்கை, பற்றுச்சீட்டுகள், நீங்கள் கேட்கும் தொகையின் விவரம் எல்லாவற்றையும் ஒரே தரம் எழுத்தில், திகதியோடு அனுப்புங்கள். அந்தத் திகதியிலிருந்துதான் 13-இல் வரும் மூன்று மாதம் ஓடத் தொடங்குகிறது.

5. கராஜ்காரர் திருத்தலாம் எண்டுறார். காப்புறுதி மட்டும் 'டோட்டல்' எண்டு எழுதிட்டுது. அதெப்பிடி?

இங்கே முழுநட்டம் என்பது பணக் கணக்கு. கார் எவ்வளவு நொறுங்கியது என்பது இரண்டாம் பட்சம். மூன்று எண்கள் வேண்டும். மாற்றுப் பெறுமதி: விபத்துக்கு முதல்நாள் உங்கள் கார் இருந்த நிலையில், அதே போன்ற இன்னொரு பழைய காரை வாங்க ஆகும் விலை. மீதிப் பெறுமதி: நொறுங்கிய காருக்கு இப்போது கிடைக்கும் விலை. மூன்றாவது, திருத்தச் செலவு.

உதாரணத்துக்கு மாற்றுப் பெறுமதி 12,000 யூரோ, மீதிப் பெறுமதி 3,500, திருத்தச் செலவு 9,800 என்று வையுங்கள். காரை விட்டுவிட்டால் காப்புறுதிக்கு ஆகும் செலவு 12,000 கழித்தல் 3,500, அதாவது 8,500. திருத்தினால் 9,800. மலிவானது 8,500 என்பதால் 'டோட்டல்' என்று எழுதுகிறார்கள். உங்கள் கைக்கு வருவதும் 8,500தான். மிச்சம் 3,500-ஐ நொறுங்கிய காரை விற்று நீங்கள் எடுக்கவேண்டும். பலர் 12,000 வரும் என்று நம்பிப் புதிய காருக்கு முற்பணம் கட்டிவிடுவது இங்கேதான்.

விபத்து ஜேர்மனியில் நடந்து பிழை முழுக்க மற்றவருடையது என்றால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திருத்தச் செலவு மாற்றுப் பெறுமதியின் 130 சதவீதம் வரை போனாலும், அதாவது மேலே உள்ள உதாரணத்தில் 15,600 வரை, திருத்தக் கேட்கலாம். ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் உள்ளபடி முழுமையாகத் திருத்தவேண்டும், அதன் பிறகு குறைந்தது ஆறு மாதம் அந்தக் காரையே வைத்து ஓடவேண்டும். அரைகுறையாகத் திருத்தி விற்க நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. உங்கள் சொந்தக் காப்புறுதியிடமும் இதைக் கேட்க முடியாது.

6. கார் வாங்கி எட்டு மாதம்தான். புதுக் கார் தருவினமா?

இடித்தவரின் காப்புறுதி பெரும்பாலும் தராது. ஜேர்மன் நீதிமன்றங்கள் புதுக்கார் விலையைக் கொடுப்பது, கார் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு உட்பட்டதாக, 1,000 கிலோமீட்டருக்குள் ஓடியதாக, கனத்த சேதம் அடைந்ததாக இருந்து, நீங்கள் உண்மையிலேயே புதுக் கார் வாங்கிவிட்டால் மட்டும்.

உங்கள் சொந்த முழுக் காப்புறுதியில் (பிழை யாருடையதானாலும் உங்கள் காரின் சேதத்தை ஈடுசெய்யும் காப்புறுதி) 'புதுப் பெறுமதி' என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தைப் பொறுத்து 6, 12, 24 மாதம் என்று கால எல்லை இருக்கும். நீங்கள்தான் முதல் உரிமையாளராக இருக்கவேண்டும் என்றும், அந்தக் காசில் குறிப்பிட்ட காலத்துக்குள் வேறு கார் வாங்கவேண்டும் என்றும் நிபந்தனை வைப்பார்கள். எட்டு மாதக் கார் என்றால், பிழை உங்களுடையதாக இல்லாவிட்டாலும் சொந்தக் காப்புறுதி வழியாகப் போவதுதான் லாபமாக முடியும்.

7. அவங்கள் போட்ட விலைக்கு இப்பிடி ஒரு கார் ஒரு இடத்திலயும் வாங்கேலாது. என்ன செய்யலாம்?

முதலில் மதிப்பீட்டு அறிக்கையின் முழுப் பிரதியைக் கேளுங்கள். தொகை எழுதிய கடிதம் மட்டும் போதாது. வெளிநாட்டில் நொறுங்கிய கார்களை நிறுத்தும் யார்டில் மின்சாரம் இல்லாமல் நிற்கும் காரில் கிலோமீட்டரைப் பார்க்க முடியாது. மதிப்பீட்டாளர் வயதை வைத்து ஒரு சராசரியை எழுதிவிடுவார். நீங்கள் 60,000 ஓடியிருக்க அறிக்கையில் 110,000 நிற்கும். 1-இல் சொன்ன படம் இதற்குத்தான். அடுத்த பிழை காரின் ரகம். ஒரே மாடலின் கீழ்ரகமும் மேல்ரகமும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். கார் வாங்கிய பற்றுச்சீட்டில் உள்ள உபகரணப் பட்டியலை அனுப்புங்கள். புதிய ரயர், அண்மையில் மாற்றிய டைமிங் பெல்ட், கிளட்ச் போன்றவற்றின் சீட்டுகளையும் சேருங்கள். கட்டின முழுக்காசும் திரும்ப வராது. ஆனாலும் காரின் நிலை நல்லது என்று காட்ட உதவும்.

பிறகு ஒப்பீட்டு விளம்பரங்கள். அதே மாடல், அதே எரிபொருள், அதே வருடம், நெருங்கிய கிலோமீட்டர், நீங்கள் வசிக்கும் பகுதியில் வியாபாரிகள் விற்பவை, மூன்று முதல் ஐந்து. திகதி தெரியும்படி சேமியுங்கள், விளம்பரம் நாளைக்கு மறைந்துவிடும். விபத்து நடந்த நாட்டில் அந்த மாடல் மலிவு என்று அவர்கள் சொன்னால், நீங்கள் மாற்றுக் காரை வாங்கப்போவது வசிக்கும் நாட்டில்தான் என்று எழுதுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள பிரித்தானியக் காரைப் பிரான்சில் மதிப்பிட்டால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். அந்த நாட்டுச் சந்தையில் அதற்கு ஆளே இல்லை.

தொகை இன்னொரு வழியிலும் குறையும். ஜேர்மன் சட்டத்தில் உண்மையில் கட்டிய விற்பனை வரியை மட்டுமே திரும்பக் கேட்கலாம். இன்னும் கார் வாங்கவில்லை என்றால் வரியைக் கழித்துத்தான் தருவார்கள். வாங்கிய பிறகு பற்றுச்சீட்டை அனுப்பி மிச்சத்தைக் கேளுங்கள்.

8. நொறுங்கின கார் அங்க யார்ட்டில நிக்குது. நாளுக்கு நாள் காசு ஏறுதாம். ஆர் கட்டுறது?

நிறுத்தக் கட்டணம் நட்டத்தின் ஒரு பகுதிதான், பிழை உள்ளவரின் காப்புறுதி கட்டவேண்டும். ஆனால் நியாயமான நாட்களுக்கு மட்டும். நட்டத்தைக் குறைக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. மதிப்பீடு முடிந்து மூன்று வாரம் கழித்தும் கார் அங்கேயே நின்றால் அந்த மூன்று வாரக் காசு உங்கள் தலையில் விழும். கார் எங்கே நிற்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு, மதிப்பீட்டாளர் எப்போது வருவார் என்ற மூன்றையும் முதல் நாளிலேயே காப்புறுதிக்கு எழுதுங்கள். காலம் இழுபட்டது அவர்களால் என்று காட்ட அந்தக் கடிதம் தேவைப்படும்.

யார்ட்காரர் நீட்டும் தாளில் கையெழுத்து வைக்கமுன் வாசியுங்கள். 'காரைக் கைவிடுகிறேன்' என்ற வரி அதில் இருந்தால், 5-இல் உதாரணமாகச் சொன்ன 3,500 யூரோ மீதிப் பெறுமதியைச் சும்மா கொடுத்ததாகிவிடும். பிள்ளைகளின் இருக்கை, இரண்டாவது சாவி, நெடுஞ்சாலைக் கட்டணப் பெட்டி, மின்சாரக் காரின் சார்ஜ் கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விபத்தில் இருந்த பிள்ளை இருக்கையைத் திரும்பப் பாவிக்கக்கூடாது, அதன் விலையை நட்டஈட்டில் சேர்க்கலாம். வீட்டில் கிடக்கும் குளிர்கால ரயர் நான்கும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் தனியே விற்கலாம்.

9. காரை வீட்டுக்குக் கொண்டுவாறதா, அங்கேயே விடுறதா?

வழித்துணைக் காப்புறுதி (வழியில் கார் நின்றுபோனால் உதவும் காப்புறுதி) இருந்தால் அதன் நிபந்தனை பெரும்பாலும் இப்படி இருக்கும்: அங்கே மூன்று வேலைநாட்களுக்குள் திருத்த முடியாது, திருத்தச் செலவு காரின் பெறுமதியைவிடக் குறைவு என்றால்தான் ஏற்றி வருவார்கள். முழுநட்டக் காரை ஏற்றமாட்டார்கள். கைக்காசு போட்டு ஏற்றுவது அநேகமாகப் பயனில்லை.

அங்கேயே விடுவதென்றால் இலக்கத்தகடுகளையும் பதிவு ஆவணத்தையும் கையில் எடுங்கள். பதிவை நீக்கும்வரை வரியும் காப்புறுதித் தவணையும் ஓடிக்கொண்டே இருக்கும். காரை உடைக்கக் கொடுத்தால் அழிப்புச் சான்றிதழ் வாங்கவேண்டும். அது ஒன்றியம் முழுக்க ஏற்கப்படும் ஆவணம். ஒன்றியக் கார் சுவிசிலோ பிரித்தானியாவிலோ நின்றுவிட்டால், அல்லது சுவிஸ் கார் ஒன்றியத்துக்குள் நின்றுவிட்டால், இன்னொரு தலைவலி: அங்கே விற்பது இறக்குமதியாகக் கருதப்படும், சுங்க நடைமுறை செய்யாமல் விற்க முடியாது.

மீதிப் பெறுமதி பற்றி ஒரு எச்சரிக்கை. மதிப்பீட்டாளர் 3,500 என்று எழுதியிருக்க, காப்புறுதி பிறகு இணைய ஏலத்தில் 4,800-க்கு ஆள் பிடித்து வரலாம். ஜேர்மன் சட்டப்படி அதற்கு முதலே நீங்கள் அறிக்கையில் உள்ள விலைக்கு விற்றிருந்தால் அது செல்லும். விற்கமுன் அந்த ஏலம் கைக்கு வந்துவிட்டால் அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். சொந்தக் காப்புறுதி வழியாகப் போகிறீர்கள் என்றால் அவர்களைக் கேட்காமல் விற்கவே கூடாது.

10. அதுவரைக்கும் வாடகைக் கார் எடுக்கலாமோ?

அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால் எடுக்கலாம், நியாயமான காலத்துக்கு. ஜேர்மனியில் முழுநட்டத்துக்கு மதிப்பீட்டாளர் எழுதும் மாற்றுக் காலம் வழக்கமாக 14 நாள். உங்கள் காரைவிட ஒரு படி குறைந்த ரகத்தை எடுத்தால் காப்புறுதி வாடகையில் கழிப்பது குறைவு. எடுக்கமுன் எல்லை தாண்டிக் கொண்டுபோய் வேறு நாட்டில் விடலாமா என்று கேளுங்கள். அந்த மேலதிகக் கட்டணம் சிலவேளை வாடகையையே மிஞ்சும்.

11. சொந்தக் காப்புறுதியால போறதா, இடிச்சவற்ற காப்புறுதியால போறதா?

முழுக் காப்புறுதி வைத்திருந்தால் முதலில் சொந்தக் காப்புறுதி என்பதே எங்கள் கருத்து. உங்கள் மொழி, உங்கள் நாட்டு விதி, சில வாரங்களில் காசு. பிழை யாருடையது என்ற தகராறு முடியும்வரை நீங்கள் பஸ்ஸில் போகத் தேவையில்லை.

அதன் விலை, நீங்கள் கைக்காசாகப் போடவேண்டிய பங்கும் தரவகுப்பு இறக்கமும். அந்தப் பங்கு, வாடகைக் கார், இழுவைச் செலவு போன்ற மிச்சங்களை 4-இல் சொன்ன பிரதிநிதி வழியாக இடித்தவரின் காப்புறுதியிடம் தனியாகக் கேட்கலாம். ஒரே செலவை இரண்டு பக்கமும் கேட்கக்கூடாது. இதற்காகவே யார் எதைக் கட்டினார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

12. ஜேர்மனியில இடிபட்ட மச்சானுக்கு சட்டத்தரணிக் காசும் குடுத்தவை. எனக்கு ஏன் இல்லையாம்?

உங்கள் விபத்து வேறு நாட்டில் நடந்ததால். 2009 ஜனவரி 11 முதல் நடைமுறையில் உள்ள ஒன்றியத்தின் 'ரோம் இரண்டு' ஒழுங்குவிதிப்படி, நட்டஈட்டுக்கு விபத்து நடந்த நாட்டின் சட்டமே பொருந்தும். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், உங்கள் கார் எங்கே பதிந்தது என்பது அதை மாற்றாது. ஜேர்மன் சட்டம் மதிப்பீட்டாளர் கட்டணம், சட்டத்தரணி கட்டணம், வாடகைக் கார் எடுக்காவிட்டாலும் கார் இல்லாத நாட்களுக்கான தொகை என்று தாராளமாகக் கொடுக்கும். இவற்றில் பலதை மற்ற நாடுகள் கொடுப்பதில்லை.

இரு தரப்பும் ஒரே நாட்டில் வசிப்பவர்கள் என்றால் அந்த நாட்டுச் சட்டம் வரும் என்ற விதிவிலக்கு இதில் உண்டு. இருவரும் ஜேர்மனியில் வசிப்பவர்கள், விபத்து இத்தாலியில் என்றால் ஜேர்மன் கணக்கு. ஆனால் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, சுவிஸ் போன்றவை, வீதி விபத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லும் 1971-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையைப் பின்பற்றுகின்றன. அங்கே வாகனம் எங்கே பதிந்தது என்பதையும் பார்ப்பார்கள்.

13. மூன்று மாதம் முடிஞ்சுது. ஒரு பதிலும் இல்லை.

கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு தொகையை முன்வைக்கவேண்டும், அல்லது ஏன் தரமுடியாது என்று காரணத்தோடு பதில் எழுதவேண்டும். 'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்பது பதிலாகாது. இரண்டும் இல்லை என்றால் நீங்கள் வசிக்கும் நாட்டின் நட்டஈட்டு அமைப்பிடம் போகலாம். ஜேர்மனியில் அது ஃபெர்கேர்ஸ்ஒப்ஃபர்ஹில்ஃப. அது இரண்டு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கும், ஆனால் அதற்குள் காப்புறுதி காரணத்தோடு பதில் எழுதிவிட்டால் விலகிக்கொள்ளும். ஏற்கெனவே வழக்குப் போட்டவர்களுக்கு இந்த வழி இல்லை.

வழக்கு என்றால், வெளிநாட்டுக் காப்புறுதிக்கு எதிராக நீங்கள் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2007 டிசம்பர் 13-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 12-இல் சொன்னபடி உங்கள் ஊர் நீதிபதி வேற்று நாட்டுச் சட்டத்தைப் பாவிக்கவேண்டும். அதற்கு நிபுணர் கருத்து, மொழிபெயர்ப்பு, மாதக்கணக்கு. 600 யூரோ தகராறுக்கு இது பெறாது.

14. கார் லீசிங். காசு ஆருக்கு வரும்?

லீசிங் நிறுவனத்துக்கு. காரின் சொந்தக்காரர் அவர்கள்தான். காப்புறுதி தரும் சந்தைப் பெறுமதியைவிட ஒப்பந்த மிச்சம் கூடினால் அந்த இடைவெளியை நீங்கள்தான் கட்டவேண்டும், இடைவெளிக் காப்புறுதி எடுத்திருந்தால் தவிர. விபத்து நடந்தவுடன் அவர்களுக்கும் அறிவியுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் நொறுங்கிய காரை விற்க முடியாது.

15. இடிச்சவன் நிக்காமல் ஓடிட்டான்.

உடனே பொலிசில் பதியுங்கள். அடையாளம் தெரியாத வாகனம் என்றால் உத்தரவாத நிதியங்கள் (இப்படிக் காப்புறுதியைப் பிடிக்க முடியாத விபத்துகளுக்கென உள்ளவை) உடல் காயத்துக்குக் கொடுக்கும். கார்ச் சேதத்துக்கு, பலத்த காயமும் இருந்தால் தவிர, மறுக்க அவர்களுக்கு அனுமதி உண்டு. மிச்சம் சொந்த முழுக் காப்புறுதி மட்டுமே. தகடு தெரியும், ஆனால் காப்புறுதி இல்லாத கார் என்றால் நிலைமை இவ்வளவு மோசமில்லை, 13-இல் சொன்ன அமைப்பிடம் போகலாம்.

16. நாங்கள் லண்டன்காரர். பிரான்சில இடிபட்டம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமோ?

2021 ஜனவரி 1 முதல் பெரும்பகுதி பொருந்தாது. பிரெஞ்சுக் காப்புறுதி பிரித்தானியாவில் பிரதிநிதி வைத்திருக்கவேண்டிய கடமை போய்விட்டது. அந்த நிறுவனத்தோடு நேரடியாக, பெரும்பாலும் பிரெஞ்சில், கதைக்கவேண்டும். ஆகவே 11-இல் சொன்ன சொந்தக் காப்புறுதி வழி உங்களுக்கு இன்னும் முக்கியம். பச்சை அட்டை (வெளிநாட்டில் காட்டும் காப்புறுதிச் சான்று) 2021 ஓகஸ்ட் முதல் தேவையில்லை என்பது மட்டும் ஆறுதல்.

17. 'இத்தோட எல்லாம் முடிஞ்சுது' எண்டு கையெழுத்து கேட்டுக் கடிதம் வந்திருக்கு. வைக்கலாமோ?

கழுத்துவலி, வாடகைக் கார், நிறுத்தக் கட்டணம், வரி மிச்சம் இவற்றில் ஒன்றாவது தீராமல் இருந்தால் வைக்காதீர்கள். கார்ச் சேதத்துக்கு மட்டும், மற்ற உரிமைகள் பாதிக்கப்படாது என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். தகராறு இல்லாத தொகையை முற்பணமாகக் கேட்கவும் முடியும்.

18. வேலைப் பளு. ஆறுதலாப் பாத்தால் என்ன?

காலாவதியும் விபத்து நடந்த நாட்டின் சட்டப்படிதான். ஜேர்மனியில் விபத்து நடந்த வருடத்தின் கடைசி நாளிலிருந்து மூன்று வருடம். பிரான்சில் பொருட்சேதத்துக்கு ஐந்து வருடம். இத்தாலியில் இரண்டு வருடம். ஸ்பெயினில் ஒரே ஒரு வருடம், கட்டலோனியாவில் மூன்று.

ஜேர்மனியில் வசித்துக்கொண்டு ஸ்பெயினில் இடிபட்டவர்கள் மூன்று வருடம் இருக்கிறதென்று நம்பி ஏமாறுவது இதனால்தான். ஸ்பெயினில் எழுத்தில் கோரிக்கை அனுப்பினால் அந்த ஒரு வருடம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். பதிவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.